பச்சையம்மா கட்டிய கயிறு

எர்ணாவூர் குடியிருப்பில் பச்சையம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. தண்ணி லாரி வந்தால் அவள் குடம்தான் முன்னால் நிற்கும். கன்டெய்னர் யார்டில் பெருக்குகிற வேலைக்கு அவளை மேய்க்க வந்த சூப்பர்வைசர்கள் எல்லாம் வேறு இடம் கேட்டு ஓடிப்போனார்கள். ஆனால் அவளுடைய பெருமை அந்த வாயில் இல்லை. புருஷன் கிருஷ்ணப்பனின் மணிக்கட்டில் கிடந்த சிவப்புக் கயிற்றில்தான் இருந்தது.

துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய கிருஷ்ணப்பன் ஒரு காலத்தில் மொடாக் குடிகாரன். குழந்தை மாயாவைக் கடைக்குக் கூட்டிப்போனவன், பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு, தள்ளாடிக்கொண்டு தனியாக வீடு வந்து சேர்ந்தான். யாரோ ஒரு பூக்காரம்மா குழந்தையை மடியில் வைத்துக் காத்திருந்த புண்ணியத்தில் பிள்ளை கிடைத்தது. மறுநாளே பச்சையம்மா அவனை அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய்க் கயிறு கட்ட வைத்தாள். குடியை நிறுத்தக் கயிறு கட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். அம்மனுக்குச் சொன்ன கெடு முடிவதற்குள் அதை அறுத்தெறிந்துவிட்டுச் சாராயக் கடைக்குப் போகிறவர்களும் உண்டு. கிருஷ்ணப்பன் அப்படிப் போகவில்லை. மகள் தலையில் கை வைத்து, "போதைன்னு எதுனா என் நாக்குல பட்டா, இந்தப் புள்ள எனக்கில்ல" என்று சொன்னவன், அந்தச் சொல்லோடு நின்றுவிட்டான். ஆடிக்கு ஆடி, நைந்த கயிற்றை எடுத்துவிட்டுப் புதுசைப் பச்சையம்மாவே கட்டிவிடுவாள். அன்றைக்குத் தெருவே பார்க்கிற மாதிரிதான் அவள் நடப்பு இருக்கும்.

அந்த மனிதனுக்குத்தான் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. முதுகெலும்புக்கும் பரவிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "இனிமே வூட்ல வெச்சுப் பாத்துக்கோங்கம்மா" என்றார் டாக்டர். கைகழுவிவிட்டார்கள் என்று பச்சையம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை.

அதன் பிறகு ஜீனத் வந்தாள். சாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற ஒரு டிரஸ்டின் நர்ஸ். ராயபுரத்துப் பெண். புண்ணைத் துடைத்தாள், படுக்கையில் எப்படித் திருப்பிப் போடுவது என்று காட்டினாள், கடைசியில் மாத்திரையை எடுத்தாள்.

"இது மார்ஃபின்மா. வியாதிய கொணமாக்காது. வலிய அடக்கும். வலி வர்றதுக்கு முன்னாடியே வேளை தவறாம குடுக்கணும்."

"போதை ஏறுமா?" கேட்டது பச்சையம்மாதான்.

"மொதல்ல தூக்கமா வரும், அப்புறம் சரியாயிடும். வலிக்குன்னு அளவா குடுத்தா யாரும் இதுக்கு அடிமையாக மாட்டாங்கம்மா."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிருஷ்ணப்பன் அந்தக் கேள்வியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான். பார்க்க வந்த பழைய தோஸ்து சின்னப்பையன் வேறு, "மார்ஃபினா? போலீஸு புடிக்கிற சரக்காச்சே மாமு!" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லவன்தான், நாக்குதான் அடங்காது.

மாத்திரை கொடுத்தும் வலி குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையை முட்டுவான். ஜீனத் டாக்டரிடம் பேசி அளவைக் கூட்டினாள். அப்போதும் முட்டினான். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே கிடந்த பச்சையம்மா, அம்மன் படத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோதுதான் உள்ளே மாத்திரைகள் தெரிந்தன. நாக்கின் அடியில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் துப்பி ஒளித்தவை. பாதி கரைந்து துணியோடு ஒட்டிக்கிடந்தன.

"இன்னாய்யா இது? நான் இங்க செத்து சுண்ணாம்பா ஆவறேன், நீ துப்பிகினு கீறியா?"

"வாக்கு குடுத்துகீறேன்மே." வலியில் அவனுக்குச் சொல் விட்டு விட்டு வந்தது. "மாயா மாசமா கீறா. எதுனா ஆய்ட்சின்னா?"

 பச்சையம்மா ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட கயிறு அவனை உயிரோடு வதைத்துக்கொண்டிருந்தது. வெளியே போய் நின்று ஜீனத்துக்குப் போன் போட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க. கூட்டின அளவ குடுத்துடாதீங்கம்மா, அவரு உடம்புக்கு மருந்தே பழகல. நான் டாக்டர கேட்டு வர்றேன், சின்ன அளவுல இருந்து ஆரம்பிப்போம்" என்றாள் ஜீனத்.

கட்டிக்கொடுத்த அத்திப்பட்டிலிருந்து மாயாவும் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். "சத்தியம் பண்ணது என் தலமேலதான நைனா? நான் வுட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. முழுங்கு."

அவன் மகளைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்தான். "கட்டினவ அவ."

அம்மன் படத்துக்குக் கீழே வரப்போகிற ஆடிக்கென்று வாங்கிய புதுக் கயிறு காகிதத்தில் மடித்தபடி இருந்தது. ஆடிக்குள் எழுந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி அவள் அதை நம்பியும் இருந்தாள்.

"அவுத்தா, நீ போறன்னு நானே ஒத்துகினா மாரி ஆய்டும்யா."

"அவுக்காட்டியும் போவேன்மே. வலியோட போவேன்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது, நகத்துக்கு மசியவில்லை. குனிந்து பல்லால் இழுத்து அவிழ்த்தாள். ஜீனத் நீட்டிய மாத்திரையைத் தானே வாங்கி அவன் நாக்கில் வைத்து, தண்ணீர் ஊற்றினாள். அவன் விழுங்கினான்.

அன்றைக்கு அவன் தூங்கிய தூக்கத்தைப் பார்த்துப் பயந்துபோய், மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு வந்த நாட்களில் முகம் தெளிந்தது. மீன் குழம்பில் கரைத்த சோறு கொஞ்சம் உள்ளே போனது. இத்தனை வருடம் அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சை ஒரு காலையில் அவனே எடுத்தான்.

"அன்னிக்கி ஸ்டேஷன்ல பயந்துட்டியா, மாயா?"

"இல்ல நைனா. நீ வருவன்னு பாத்துகினு இருந்தேன்."

அவன் வெகுநேரம் அழுதான். அழுவதற்காவது வலி அவனை விட்டுவைத்ததே என்று பச்சையம்மா நினைத்துக்கொண்டாள்.

ஆடிக்கு முன்பே, ஒரு மத்தியானம், அவள் கையைப் பிடித்தபடி போனான்.

குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளக்காரர்கள் வந்த பிறகு சின்னப்பையன் மடியில் ஒரு குவாட்டரோடு வந்தான். செத்தவனுக்குப் பிடித்ததை வாயில் இரண்டு சொட்டு விட்டு அனுப்புவது அங்கே உள்ளதுதான்.

"ஆசய அடக்கிகினே பூட்டான் அண்ணி. இப்ப இன்னா வந்துடப் போவுது? ரெண்டே சொட்டு."

பாட்டில் பறக்கும் என்று கூட்டம் ஒதுங்கி நின்றது. பச்சையம்மா உள்ளே போய், அம்மன் படத்துக்குக் கீழே இருந்த காகிதத்தைப் பிரித்துப் புதுக் கயிற்றை எடுத்து வந்தாள். சில்லிட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டினாள்.

"கையப் பாத்துக்கோ சின்னப்பையா. எம்புருசன் குடிக்க மாட்டாரு."

அவன் பாட்டிலை மறுபடி மடியில் செருகிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். பச்சையம்மா கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள். இறுக்கிவிட்டோமோ, வலிக்குமோ என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.