கயிற்றின் வால்பக்கம்

யாகப்பு கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கிறார், நடந்துகொண்டே பாடுகிறார். மணற்காட்டுக் கரையில் கரைவலைக் கயிற்றை இழுக்கும் பதினெட்டுப் பேரில் அவர்தான் கடைசி ஆள். அவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கி இழுக்கிறார்கள். குரல் பெரிதில்லை. முன்னால் நிற்பவர்களுக்குப் பாதிதான் கேட்கும். மீதியைக் கயிறு கொண்டுபோய்க் கொடுக்கும்.

இதே மனிதர் எண்பத்துமூன்றில் குருநகரில் றொக் இசைக்குழு வைத்திருந்தவர். தோள்வரை தலைமயிர், சிவப்பு மின்கிற்றார், ஆளுயரத்தில் நாலு ஸ்பீக்கர் பெட்டிகள். கல்யாண வீட்டில் அவர் கம்பியைத் தட்டினால் பந்தலில் கட்டிய வாழைக்குலை பழுத்து விழும் என்பார்கள். அது பொய். நான் பார்த்த அன்று ஒரு சீப்புத்தான் விழுந்தது.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கறண்ட் நின்றது. மின்கிற்றாரில் நுளம்பின் ரீங்காரம்கூட வரவில்லை. குருநகரில் ஷெல் விழத் தொடங்க, மனைவி ஸ்ரெல்லாவின் ஊரான மணற்காட்டுக்குக் குடிவந்தார்கள். ஒரு ஸ்பீக்கர் பெட்டிதான் கூட வந்தது. அதில் இப்போது கோழி அடைகிடக்கிறது. அதற்குள் பொரித்த குஞ்சுகள் ஊர்க் குஞ்சுகளைவிட இரண்டு மடங்கு உரத்துக் கத்துவதாக ஸ்ரெல்லா சத்தியம் பண்ணுகிறார். நானும் கேட்டேன், ஒன்றரை மடங்கு இருக்கும்.

வலை, மாமனார் சிமியோன் சம்மாட்டியினுடையது. வலை இழுக்கும்போது பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். அம்பா சொல்லி வந்தவர் போன வருடம் படுத்துவிட, சிமியோன் மருமகனைக் கூப்பிட்டார்: “மாப்பிளை, நீர் பாட்டுக்காரன்தானே. நாளையிலயிருந்து நீர் சொல்லும்.”

இசைக்குழு போன நாளிலிருந்து யாகப்புவைப் பாடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாள் மணல்மேட்டில் ஏறி நின்றார். கண்ணை மூடினார். முதல் வரியையே மேலே கொண்டுபோய், அங்கே நிறுத்தி, நாலு சுழற்றுச் சுழற்றி இறக்கினார். கயிற்றில் நின்ற பதினேழு பேரும் திரும்பி நின்று வாய்பிளந்து கேட்டார்கள். கயிறும் நின்றது. வலை தொய்ந்தது. வலைமடிக்குள் வந்த சூடை மீன் எல்லாம் வந்த வழியே கடலுக்குப் போய்விட்டது.

ஒருவன் கைதட்டினான்.

“தட்டடா, நல்லாத் தட்டு! இண்டைக்குக் கறியும் உந்தக் கைதட்டுத்தான்” என்று சிமியோன் கத்தினார். பிறகு மேட்டைப் பார்த்துச் சொன்னார்: “நீர் பாடினால் சனம் கேக்குது. கேட்டால் கை நிக்குது. இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் வேறை ஆளைப் பிடிப்பன். மோளின்ரை புருசன் எண்டு பாக்கமாட்டன்.”

வீட்டில் ஸ்ரெல்லா மரவள்ளிக்கிழங்கை அவித்து முன்னால் வைத்தார்.

“இஞ்சாருங்கோ, பிள்ளையை நித்திரையாக்கேக்கை ஆர் கேக்கோணும் எண்டு பாடுறனீங்கள்?”

“அது பாட்டில்லையப்பா.”

“ஓம். அதைத்தான் அங்கையும் பாடுங்கோ.”

அடுத்தநாள் அவர் மேட்டில் ஏறவில்லை. கயிற்றின் வால்பக்கம் போய் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டார். முன்பு அவர் எதிரே ஆயிரம் முகங்கள் இருந்தன. இப்போது பதினேழு முதுகுகள். முதுகுகள் குனிந்தபோது வரியைத் தொடங்கினார்; நிமிர்ந்தபோது முடித்தார். எந்த முதுகும் திரும்பவில்லை. மடி கரையேறியதும் எல்லோரும் மீனில் விழுந்தார்கள். சிமியோன் வேறு ஆளைப் பிடிக்கவில்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இசைக்குழுவின் பழைய ரசிகர்கள். வலை பாதி வந்திருந்த நேரம்.

“யாகப்பண்ணை, இவ்வளவு தூரம் உழக்கி வந்தனாங்கள். நாங்கள் இதிலை இருந்து கேக்கிறம். எங்களுக்காக ஒண்டு பாடுங்கோவன்.”

“அதுக்கென்ன, பாடுறன்” என்றார் யாகப்பு. இடுப்புச் சுற்றை அவிழ்த்து மூன்று ஆள் நிற்க இடம்விட்டுப் பின்னால் தள்ளி நின்றார். தனக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்த கயிற்றைத் தூக்கி அவர்கள் பக்கம் நீட்டினார்.