குழாயோரத்துச் சந்து

ஸ்லிவென் ஊரில் குடியிருந்துகொண்டு காற்றோடு பகைத்துக்கொள்ள முடியாது. மலையிலிருந்து இறங்குகிற அந்தக் காற்று கதவைத் தட்டி அனுமதி கேட்கிற ரகமில்லை. தோன்காவின் வீட்டில் அது எந்தெந்த வழியாக நுழையும் என்பது அவளுக்கு மனப்பாடம். படுக்கையறைச் சன்னலின் இடது மூலை, பால்கனிக் கதவின் அடிப்பக்கம், கூடத்து விளக்கு சுவிட்சின் பின்புறம். எல்லாவற்றையும் என்றைக்காவது ஒருநாள் அடைத்துவிட வேண்டுமென்று நினைத்திருந்தாள், ஒன்றைத் தவிர.

சமையலறை மூலையில், வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்குகிற இடத்தில் ஒரு சந்து இருந்தது. கையை நுழைக்கலாம். பழைய குழாயை மாற்றியபோது அவள் புருஷன் யோர்தான் உளியால் கொத்தியது. "நாளைக்குப் பூசிடறேன்" என்றான். பூசாமலேயே ஒரு பனிக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அதில் ஒரு பழந்துணியைத் திணித்து வைத்தாள். திணித்ததெல்லாம் பேருக்குத்தான். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், முதல் காரியமாக அந்தத் துணியை உருவி எடுப்பாள்.

சந்துக்குக் கீழே ராச்சோ இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், வாய்த்துடுக்குக்காரர். அவருடைய ரேடியோ, இருமல், பந்தாட்டத்தில் தோற்கிற தன் ஊர் அணியை அவர் திட்டுகிற திட்டு, பீன்ஸ் சூப்பில் புதினா போடுகிற வாசனை, எல்லாம் அந்தச் சந்து வழியாக மேலே வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்துகொள்ளும். அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் ஆளில்லாத வீட்டில் சாப்பிடவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எப்போதோ அவள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் குழாய் பிய்த்துக்கொண்டு, ராச்சோ வீட்டுக் கூரை முழுக்க நனைந்து உரிந்துவிட்டது. அவர் தானே சுண்ணாம்பு அடித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். படிக்கட்டில் நாலு பேர் நடுவே, "உன் புருஷன் மாட்டின குழாய்தானே, பின்னே எப்படி நிக்கும்?" என்று சொல்லிவிட்டார். அடுத்த குளிர்காலம் யோர்தான் செத்தான். நாற்பதாம் நாள் கல்லறையில் வழக்கப்படி, செத்தவர் பேரில் எல்லோருக்கும் வேகவைத்த கோதுமை கொடுத்தாள், ராச்சோ வரவில்லை. அன்றோடு சரி. படியில் எதிர்ப்பட்டால் அவள் சுவரைப் பார்ப்பாள், அவர் தன் செருப்பைப் பார்ப்பார்.

பிள்ளை பிளாமென் ஸ்பெயினில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "அம்மா, அந்தப் பெட்டிக்குள்ள தனியா என்ன பண்றே? இங்க வந்துடேன்" என்பான். பேரக்குழந்தைகள் அவளிடம் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிவிட்டு ஓடிவிடும். "எனக்கு வேலை இருக்குடா" என்பாள் தோன்கா. வேலை இருந்தது உண்மை. அதைச் சொல்லிக்கொண்டு எத்தனை நாள் தப்பிக்கலாம் என்பதுதான் தெரியவில்லை.

வேலை என்றால், பள்ளிக்கூடம் முடித்த கையோடு அவள் சேர்ந்தது வீட்டுச் சுவர்களை வார்க்கிற ஆலையில். கான்கிரீட் பலகைகளாக வார்த்து, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே அடுக்கி நிறுத்துவார்கள், அதுதான் அடுக்குமாடி. அவள் குடியிருக்கிற கட்டடமும் அந்த ஆலைச் சரக்குதான். ஆலை மூடினதும் தையல், திராட்சை பறிப்பு, ஆபீஸ் கூட்டுவது என்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தப் பழைய சுவர்களுக்கே வெளியிலிருந்து, குளிர் நுழையாதபடி நுரைப்பலகை ஒட்டிப் போர்வை போர்த்துகிற குழுவில் வந்து சேர்ந்தாள். முன்பெல்லாம் அவரவர் வீட்டுச் சுவருக்கு அவரவர் ஒட்டிக்கொள்வார்கள். ஒருவர் மஞ்சள், ஒருவர் பச்சை, காசில்லாதவர் வீடு வெறும் கான்கிரீட். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் ஒட்டுப்போட்ட காற்சட்டை மாதிரி இருக்கும். இப்போது கட்டடம் முழுவதற்கும் சேர்த்து ஒரே போர்வை.

போர்வை மட்டும் போதாது, ஓட்டைகளையும் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், சூடு வெளியே போனால் எரிக்கிறதெல்லாம் வீண் என்று புது விதி வந்தது. அதற்கான பயிற்சிக்கு நிறுவனம் தோன்காவை அனுப்பியது. தொழிற்பள்ளிக் கொட்டகையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கற்றுக்கொண்டாள். வாசற்கதவில் சிவப்புத் துணியைக் கட்டி, அதன் நடுவில் பெரிய விசிறியை வைத்து வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது எந்தப் பொத்தல் வழியாகக் காற்று உள்ளே பாய்கிறதோ, அங்கே புகைக்குச்சியைக் காட்டினால் புகை வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். தோன்காவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. இத்தனை வருஷம் கட்டின கட்டடங்களின் பொய்யெல்லாம் ஒரு குச்சியில் தெரிகிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வருஷம் குழு அவள் கட்டடத்துக்கே வந்தது. மாதிரிச் சோதனைக்கு ஒரு வீடு வேண்டும். "உங்க வீடே இருக்கட்டும் தோன்கா அக்கா" என்றாள் எஞ்சினியர் காலினா. "இது தேறிச்சுன்னா, அடைக்கிற குழுவுக்கு நீங்கதான் தலைவி. பிரின்ஸிபால் கணக்கா விரட்டலாம் எங்களை."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றாள். விசிறி சுழன்றது. காலினா புகைக்குச்சியோடு சன்னல் சன்னலாகப் போனாள். புகை நிமிர்ந்தே நின்றது. சோதனைக்கு முன்பே தோன்கா மற்ற ஓட்டைகளையெல்லாம் அடைத்திருந்தாள். சமையலறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். விசிறி இழுத்த இழுப்பில் ராச்சோவின் சமையல் வாசனை சந்து வழியாகப் பொங்கி வந்து அறையை நிறைத்துவிட்டது.

"அடடா! இன்னிக்குப் பீன்ஸ்!" என்றான் மேஸ்திரி எமில். "கீழ்வீட்டுப் பெருசு மூடியைத் திறந்தா இங்க பசிக்குது. அக்கா, உன் வீட்டுல ரெண்டு அடுப்பு ஓடுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். தோன்காவும் சிரித்தாள். முகம் மட்டும் சூடாகிவிட்டது. யாரோ தன் பெட்டியைத் திறந்து நாலு பேர் முன்னால் உதறிவிட்ட மாதிரி இருந்தது.

"தீப்பிடிச்சா இது வழியாத்தான் முதல்ல ஏறும்" என்றாள் காலினா. "இதை எப்படி விட்டீங்க, அக்கா?"

"மறந்துட்டேன்" என்றாள் தோன்கா.

மறுநாள் வேலை முடிந்து வந்து சந்தின் முன் மண்டியிட்டாள். துணியை உருவினாள். கீழே ராச்சோ ரேடியோவோடு சேர்ந்து தப்புத்தப்பாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்ததும் அடுத்த பாட்டும் முடியட்டும் என்று காத்திருந்தாள். பிறகு தீப்பிடிக்காத பஞ்சை இறுக்கித் திணித்து, மேலே பசையை அழுத்தி, ஈரவிரலால் வழித்துவிட்டாள். பயிற்சியில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. ஓர் இழைகூட விடவில்லை.

எழுந்து நின்றபோது வீட்டில் சத்தமே இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அவ்வளவு பெரிய சத்தமாக அது ஓடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அந்த வாரம் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். வீடு கதகதப்பாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இதென்ன அசட்டுத்தனம், பேசாத ஒரு கிழவனின் இருமலுக்காக அழுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் நிற்கவில்லை.

இரண்டாவது சோதனை நடந்த அன்று காலையிலிருந்து கட்டடமே அதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே சாரத்தில் துளைபோடுகிறவர்கள், உள்ளே விசிறி. வீடு தேறிவிட்டது. காலினா அவளைக் கட்டிக்கொண்டாள். எமில் ராக்கியாச் சாராயப் புட்டியை எடுத்தான். தோன்கா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீத்ஸாவைத் துண்டு போட்டாள். தலைவிக்கு ஜே என்று கத்தி, கோப்பைகளை முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வெந்நீர்க் குழாய் டங்கென்று ஒலித்தது. மறுபடியும் டங், டங்.

கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. சத்தம் போடாதே என்று அர்த்தம்.

"பெருசுக்குப் பொறுக்கல!" என்றான் எமில். "வாசனைதான் வரமாட்டேங்குது, சத்தம் போகுது போல."

"இரும்பு வழியா போறதை யாராலயும் அடைக்க முடியாது" என்றாள் காலினா.

மறுபடி டங். தோன்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் தன் வீட்டில் நாலு பேர் சிரிப்பது இன்றைக்குத்தான். அதுவும் இவருக்குப் பொறுக்கவில்லையா? கரண்டியை எடுத்துக் குழாயில் ஓங்கி இரண்டு போடு போட்டாள். "கோதுமை வாங்க வராத மனுஷனுக்குக் கோபத்தைப் பாரு!" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

குழு போய்விட்டது. கோப்பைகளைக் கழுவி வைத்தாள். மறுபடியும் டங். முன்பைவிட மெதுவாக. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

தோன்கா கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. சத்தமே இல்லாத வீட்டைப் பார்த்து எதற்காகச் சத்தம் போடாதே என்று தட்ட வேண்டும்?

படியில் இறங்கி ஓடினாள். ராச்சோ வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. திரும்பி மேலே ஓடி, பால்கனி வழியாகச் சாரத்தில் குதித்து, வேலைக்காரர்கள் இறங்குகிற ஏணியில் இறங்கினாள். ராச்சோ புகைபிடிக்கத் திறந்து வைக்கிற பால்கனிக் கதவு திறந்தேதான் இருந்தது.

சமையலறைத் தரையில், குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே கால் ஒரு மாதிரி திரும்பியிருந்தது. கையில் கரண்டி. உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"ராச்சோ அண்ணே! ஐயோ, கத்தியிருக்கக் கூடாதா?"

"கத்துனேன்" என்றார். குரலே இல்லை. "காலையிலேர்ந்து கத்துனேன். நீதான் அடைச்சிட்டியே."

அவள் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினாள். ஈரத்துணியால் உதட்டை நனைத்தாள்.

"தட்டுனா நீ திருப்பித் தட்டுறே" என்றார் அவர். "அதுவும் கரண்டியால."

"மன்னிச்சிடுங்க அண்ணே."

"சாயங்காலமானா நீ துணியை உருவுறது எனக்குக் கேக்கும்" என்றார். "கேட்டதும் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். இந்த வாரம் உருவல. அடைச்சதைப் பாத்து, நீ கோச்சுக்கிட்டியோன்னு நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கல்லறை வாசல் வரைக்கும் வந்தேன் அன்னிக்கு. அந்தச் சொல்லைச் சொன்ன வாயோட உள்ள வர முடியல."

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ராச்சோ பிழைத்தார். ஆனால் ஸ்லிவெனுக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே மகள் அவரைத் தான் இருக்கிற புர்காஸ் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. அவருக்குக் காது மந்தமாகிவிட்டதாம், போனில் பேச முடியாதாம்.

தோன்கா தலைவியானாள். அவள் குழு வேகமானது என்று பெயர் வாங்கியது, ஒரு விஷயத்தைத் தவிர. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தை அடைப்பதற்கு முன் தோன்கா கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, மேல்வீட்டுக்காரரையும் கூட அழைத்துக்கொண்டு போய், "இனிமே ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேக்காது. போன் நம்பர் வாங்கி வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். "அக்கா பத்திரிகை வைக்கப் போயிட்டாங்க, வர நேரமாகும்" என்று எமில் கிண்டல் பண்ணுவான். பண்ணட்டும் என்று விட்டுவிட்டாள்.

தன் வீட்டுச் சந்தை அவள் உடைக்கவில்லை. உடைத்தாலும் கீழே யார் இருக்கிறார்கள்? காலையில் காப்பி கொதிக்கும்போது கரண்டியை எடுத்துக் குழாயில் ஒரு தட்டு தட்டுவாள். பதில் வராது என்று தெரியும். தெரிந்துதான் தட்டினாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, காப்பியை ஊற்றிக் குடித்துவிட்டு வேலைக்குப் போவாள்.

ஒரு காலையில் தட்டியதும் குழாய் திருப்பித் தட்டியது. டங், டங், டங்! ஓங்கி, எரிச்சலோடு. கீழேயிருந்து அல்ல, மேலேயிருந்து. மேல்வீட்டுக்குப் புதிதாக யாரோ குடிவந்திருப்பதாகப் படிக்கட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரென்று அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சத்தம் போடாதே என்கிறார்கள்.

தோன்கா கரண்டியை வைத்துவிட்டு மேலே பார்த்தாள். குழாய் மேல்வீட்டுக்கு ஏறுகிற அந்தச் சந்தையும் அவள்தான் அடைத்திருந்தாள், ஓர் இழை விடாமல். காப்பிப் பாத்திரத்தில் இன்னொரு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியேறினாள்.