அண்ணன் பங்குக் கஞ்சி

மணவாள நகரில் ஒரு ஆயுர்வேத வைத்தியசாலையிலிருந்து எழுந்து ரயிலடிப் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் காத்திருந்து, முறை வந்ததும் ஓடி வந்த ஆள் நானாகத்தான் இருப்பேன். சின்ன வயது டாக்டரம்மா, அவர்மேல் தப்பில்லை. தூக்கம் வரவில்லை என்று போனவனிடம், "நல்லா பசிக்குதா ஐயா?" என்று கேட்டார். உள்ளே மருந்து நெய் காய்ச்சும் கசப்பு வாசனை வேறு.

பள்ளிப்பட்டுக்கு அப்பால் ஒரு வைத்தியர் வீட்டில் இதே வாசனை அடிக்கும். எழுபதுகள் பிறந்த சமயம். ஏழாவதோடு படிப்பை விட்டு, செங்கல் சூளை, லாரி என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பினால், அண்ணனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பழவேற்காட்டு ஏரியில் வலை இழுத்தவன். ஒருநாள் படகை விட்டு இறங்கியதிலிருந்து பேச்சில்லை, கத்தல் மட்டும். தாய் தகப்பன் இல்லை. கயிற்றை அவிழ்த்து, மூன்று பஸ் மாறி, அவனை வைத்தியரிடம் கூட்டிப்போனேன்.

"பேதி குடுத்தா தெளியும் நைனா. ஆனா ஒடம்பு தாங்கணும். நாலு நாளு பலம் பாக்கறேன். தாங்காதுன்னா இட்டுக்கினு போயிடு" என்றார்.

எங்கே போவது? மறுபடியும் கயிறுதான்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கச் சொன்னார். எத்தனையாவது வாளியில் நெற்றி வேர்க்கிறது என்று பார்ப்பாராம். அண்ணன் நாற்பது வாளி இறைத்தான். ஒரு பொட்டு வேர்வை இல்லை. பீமனைப் பெற்றவன்போல் நான் பூரித்து நின்றேன்.

"பல்ல இளிக்காத. அது நோவோட பலம். அவன் பலம் பசியிலதான் தெரியும்."

வேளைக்கு ஒரு சட்டிக் கஞ்சி கொடுத்தார். கூட வந்தவன் ஊட்டிவிட்டுச் சட்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒரு வார்த்தை பேசினாலும் சொல்ல வேண்டும். கூட வந்தவன் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். என்னிடம் ஒன்றுமில்லை.

முதல் நாள் மத்தியானமே அண்ணன் சட்டியை என் பக்கம் தள்ளினான். "நீ குடிடா. காஞ்சி போய் கீற."

அத்தனை நாளில் அவன் பேசிய ஒரே பேச்சு. உங்களிடம் மறைப்பானேன், எனக்குக் கண் இருட்டும் பசி. குடித்தேன். அடுத்த வேளையும் தள்ளினான். நாலு நாளும் குடித்தேன்.

"துன்னானா?"

"துன்னுச்சுங்க."

"எதுனா பேசினானா?"

"இல்லீங்க."

பேசினான் என்றால் என்ன பேசினான் என்று கேட்பாரே.

ஐந்தாம் நாள் காலையில் பேதிக்குக் கொடுத்தார். உச்சிப் பொழுதுக்குள் அண்ணன் துவண்டுவிட்டான். வைத்தியர் நாடியைப் பிடித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உப்புக் கஞ்சியை வாயில் விட்டார், உள்ளே இறங்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி காஞ்சி கீறான்னு பாக்கறவனுக்குப் புத்தி எங்கடா போச்சி? இத்த சொல்லியிருந்தா பேதியே வாணாமே. சோறு போட்டு, தூங்க வச்சே தேத்தியிருப்பேனே." கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் சட்டியத்தான் பாத்தேன். வயித்தப் பாக்கல" என்றார்.

பொழுது சாய அண்ணன் போய்விட்டான். அந்த ஊர் ஏரிக்கரையிலேயே புதைத்தோம். பல வருடம் கழித்துத் தேடிப் போனேன். வைத்தியர் வீடு இருந்த இடத்தில் நெல் மிஷின் ஓடியது. கரையை வெட்டி ரோடு போட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று கைகாட்டக்கூட எனக்குத் தெரியவில்லை.

புதைத்த கையோடு ஒரு ஜல்லி லாரியில் ஏறினேன். டிரைவர் கும்மிடிப்பூண்டியில் இறக்கிவிட்டான். மறுநாள் காலை, புதுக் கம்பெனிக்குக் கடைக்கால் தோண்ட ஆள் எடுத்தார்கள். வரிசையில் நின்றேன். மேஸ்திரி என் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்.

"தெம்பாத்தான் கீற. ஊட்ல நல்லா போடறாங்களா?"

"எங்கண்ணன் போட்டுச்சுங்க."

மண்வெட்டியை என் கையில் கொடுத்தார்.