அதிர்ஷ்டக் கண்

எங்கள் மகளுக்கு இடது கண் மூக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டமாம். அதை முதலில் சொன்ன ஆள் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன்.

என் வீட்டுக்காரர் வத்தேகம பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லொத்தர் சீட்டு விற்கிறார். எனக்குப் பல்லேகலையில் கார்மெண்ட் வேலை. அதனால் நேசரிப் பள்ளி விட்டதும் பிள்ளை அப்பாவின் சீட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவள் எடுத்துக் கொடுத்த சீட்டில் யாருக்கோ பரிசு விழுந்துவிட்டது. அவ்வளவுதான். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்றில்லாமல் எல்லோரும் அவள் கையால் சீட்டு வாங்க வந்து நின்றார்கள். இவருக்கு வாயெல்லாம் பல். "இந்தக் கண்ணு நேராயிட்டா எம் பொழப்பு போயிரும்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பிப் படம் பார்க்கிறாள் என்று நேசரி டீச்சர் சொன்ன பிறகுதான் கண்டிக்கு, ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அவளுடைய வலது கண்ணை மூடிவிட்டு எதிரே ஒரு படத்தைக் காட்டினார்.

"ஒண்ணும் தெரியல" என்றாள் பிள்ளை, ஏதோ பசிக்கவில்லை என்று சொல்வதுபோல.

பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணுக்கு மை போட்டு விட்டவள் நான். அது சாய்ந்து பார்க்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அது பார்க்கவே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூளை அந்தக் கண்ணை ஒதுக்கி வைத்துவிட்டது என்றார் டாக்டர். நல்ல கண்ணைப் பிளாஸ்டர் ஒட்டி மூடினால், வேறு வழியில்லாமல் மற்றது பார்க்கப் பழகுமாம். சின்ன வயதிலேயே செய்ய வேண்டும், வளர வளரக் கஷ்டம் என்றார். சாய்வை நேராக்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் பார்வை வரட்டும் என்றார்.

பிள்ளைக்கும் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். நல்ல கண்ணு தூங்கினாத்தான் சோம்பேறிக் கண்ணு எழும்பும் என்றேன். தலையை ஆட்டினாள். மத்தியானம் நேசரியிலிருந்து கூட்டி வந்ததும் அப்பா பிளாஸ்டர் ஒட்டுவார், ராத்திரி நான் கழற்றுவேன். "நல்ல கண்ண எதுக்கும்மா மூடுறீங்க, பாவம்" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாத சனமெல்லாம் எனக்குப் புத்தி சொன்னது. பிளாஸ்டரை உரிக்கும்போது பிள்ளை கத்துவாள், கன்னம் சிவந்துபோகும். பிளாஸ்டரின் மூக்குப் பக்கத்து ஓரம் மட்டும் எப்போதும் ஒட்டாமல் கிளம்பியிருக்கும். வியர்வை என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் டாக்டர் திரும்பவும் அதே படத்தைக் காட்டினார். திரும்பவும் அதே பதில். "பிளாஸ்டர் ஒழுங்காத்தான் ஒட்டுறீங்களா?" என்று கேட்டார்.

வத்தேகமயில் பஸ் நின்றதும் இறங்கி நேரே பெட்டிக்கு முன்னால் போய் நின்று, சீட்டு வாங்க நின்றவர்களையும் பார்க்காமல் கத்தினேன்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? சீட்டு விக்கிறதுக்காகப் புள்ளைட கண்ண அவிச்சிட்டீங்களே!"

"ஐயோ, சத்தியமா நான் அதைத் தொடலப்பா" என்றார். அவர் முகம் வெளிறிவிட்டது. நான் நம்பவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

பிள்ளை என் சாரியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவ ஏசாதீங்கம்மா. நாந்தான் ஓரத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். கண்ணு நேராயிட்டா அப்பா பொழப்பு போயிருமே."

இவர் அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். சீட்டுக் கேட்டு நின்ற ஒருவர் மெதுவாக நழுவிப் போனார். எனக்கு யாரை ஏசுவதென்று தெரியவில்லை.

இப்போது அவளைப் பெட்டிப் பக்கம் விடுவதில்லை. மத்தியானத்தில் என் அக்கா வீட்டில் இருக்கிறாள், பிளாஸ்டரை அக்கா பார்த்துக்கொள்கிறாள். பார்வை வருமா வராதா என்று டாக்டர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. பிள்ளை இல்லாமல் வியாபாரமும் படுத்துவிட்டது. விற்காத சீட்டுகளை இவர் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கார நானாவிடம் கொடுத்து வைத்துவிட்டு, பொழுது சாயும்போது வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வருகிறார்.

"எல்லாம் வித்துப் போச்சாப்பா?" என்று பிள்ளை கேட்பாள்.

"எல்லாம் வித்துப் போச்சு மகள்" என்று பெட்டியைத் திறந்து காட்டுவார்.

அவள் பிளாஸ்டரைத் தொடுவதில்லை. அந்த இடது கண்ணைப் பெட்டிக்குள்ளே கொண்டுபோய் வைத்து, வெகுநேரம் பார்ப்பாள். பிறகு, அதை நம்பாமல், மூலைக்கு மூலை கையை விட்டுத் தடவுவாள்.