நடு வூடு

தர்மபுரியில் கோட்டைக்கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பழைய தெரு. நானும் மகனும் குடிவரப்போகும் வீட்டைப் பார்க்க, மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். பக்கத்து வீடுகளுக்குள் திறக்கும் கதவுகளை முதலில் பூட்டிவிடச் சொல்லி, மகன் இரண்டு பூட்டு கொடுத்தனுப்பியிருக்கிறான்.

ஏழு வீடுகள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு பொதுச்சுவரிலும் ஒரு தேக்குக் கதவு, எல்லாமே திறந்து கிடக்கின்றன. எங்கள் நடுவீட்டில் நின்றால், கடைசி வீட்டில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து சவரம் செய்வது தெரிகிறது. ஊரில் என் தக்காளித் தோட்டத்துக்கு நான் எத்தனை வேலி போட்டிருப்பேன்! மாடு நுழையும், பன்றி நுழையும், பங்காளியும் நுழைவான். இங்கே கதவுகளுக்குத் தாழ்ப்பாளே இல்லை. மலைத்துப்போய் நிற்கிறேன்.

பக்கத்து வீட்டு சரோஜா குழம்புக் கிண்ணத்தோடு வருகிறார். என் கையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"பூட்டுங்களா? மாட்டறதுக்கு ஒரு வளையம்கூட இல்லீங்களே!"

பிறகு குரல் இறங்குகிறது. "கடைசி வூட்டு அண்ணனுக்குக் காலு வராதுங்க. மூணு வேளையும் சோறு இப்படித்தான் போவுது. தெருப்பக்கம் வூட்டுக்கு வூடு ஆறு படி. என் முட்டிக்கு ஏறி எறங்க முடியுங்களா?"

பூட்டுகளைப் பையில் போட்டுவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நடக்கிறேன். ஒரு வீட்டில் டிவி ஓடுகிறது. அடுத்ததில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு பெண் கால் மடக்கி வழிவிடுகிறாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

கடைசி வீட்டுக்காரர் சோப்பு நுரையோடு நிமிர்கிறார். "யாருங்க? எந்த வூடு?"

"நடு வூடுங்க," என்கிறேன். "ஆறிப்போறதுக்குள்ள சாப்புடுங்க."