மெஷின் ஓடும் மத்தியானம்

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் மத்தியானம், யாரும் தொடாமலே அடுக்களையில் மெஷின் ஓடத் தொடங்கியது. அக்காவை நினைத்தால் முகத்துக்கும் முன்னால் அந்தச் சத்தம்தான் எனக்கு வந்து நிற்கிறது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரே முனகல். அருமனைப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற அந்த வீட்டில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவின் கணவர், என் அத்தான், முன்னறையில் இருந்தார். நான் பந்தலுக்கு எடுத்த வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து பாத்திரம் கழுவும் அந்த மெஷினை ஒருவரும் தொட்டதில்லை. ஓடிப்போய் அதன் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே காலி. பட்டன்களில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனாலும் ஓடுகிறது. "கர்த்தாவே!" என்று கத்திவிட்டேன். அத்தான் எழுந்துகூட வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "மெள்ள பிள்ளே, சத்தம் போடாத" என்று மட்டும் சொன்னார்.

அக்கா கல்ஃபில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். வார்டில் கை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோப்பு பட்டாலே எரியும். வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் அவள் வாங்கிய முதல் சாமான் அந்த மெஷின்தான். சபைப் பெண்கள் கல்யாணப் பெண்ணைப் பார்க்க வருவது போல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரெண்டு பேர் தின்கிற பாத்திரத்துக்கு இம்புட்டுப் பெரிய மெஷினா என்று நானும்தான் கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஊரான் பிள்ளைக்கெல்லாம் ஊசி போட்ட கையாக்கும் ஏட்டி. இனி அது கொஞ்சம் சும்மா இருக்கட்டு" என்றாள்.

அவள் கை சும்மா இருந்தது, என் கைக்குத்தான் வேலை வந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு எதையாவது திறந்து பார்க்கிற புத்தி எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும். கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்பான். நான் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்விடுவேன். முதல் கோளாறே அக்காவின் கைங்கரியம். மீன் கறி வைக்கும் மண்சட்டியை யாராவது மெஷினில் போடுவார்களா? எங்கள் ஊரில் அந்தச் சட்டிக்கு சோப்பு காட்டவே மாட்டோம். வெந்நீர் ஊற்றித் தேங்காய்ச் சவுரி நாரை வைத்துத் தேய்ப்பதோடு சரி. அக்காவோ, "சட்டியத் தேய்க்காத மெஷின் பின்ன எனக்கு எதுக்கு?" என்று உள்ளே வைத்துவிட்டாள். மண் சோப்பைக் குடித்தது. மறுநாள் சாளைக் கறி கொதிக்கும்போது நுரை பொங்கியது. அத்தான் அந்தக் கறியை ஊற்றி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாராம். அவர் அப்படித்தான்.

சட்டியிலிருந்து உதிர்ந்த மண்ணும் கறிவேப்பிலையும் தேங்காய்த் திப்பியும் சேர்ந்து அடைத்து, மெஷினுக்குள் தண்ணீர் வெளியே போகாமல் தேங்கி நின்றது. நான் கரண்டைப் பிடுங்கி, தண்ணீரைக் கோரி, அடியில் இருக்கிற வடிகட்டியைத் திருகி எடுத்தேன். அப்பப்பா, என்ன நாற்றம்! வடிகட்டிக்கும் கீழே, தண்ணீரை வெளியே தள்ளுகிற சின்னச் சக்கரத்தில் ஒரு சாளை முள் குறுக்கே மாட்டியிருந்தது. உள்ளே சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கையின் துளைகளில் கடுகு உட்கார்ந்திருந்தது. ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். கிணற்றுத் தண்ணீரின் துருக்கறை உட்சுவரெல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்ததற்கு எலுமிச்சை உப்பைப் போட்டுக் காலியாக ஓட விட்டோம். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தச் சவத்த நல்லா குத்துட்டி" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் போன பிறகு அந்த வசவு என் வாயில் வருவதே இல்லை.

மெஷின் அவளுக்குப் பாத்திரம் கழுவ மட்டும் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. வருஷக்கணக்காக நைட் டியூட்டி பார்த்துவிட்டு, பகலில் ஏசி இரைகிற அறையில் உறங்கிப் பழகியவள். ஊருக்கு வந்தபின் சத்தமில்லாமல் அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மத்தியானச் சோறு முடிந்ததும் பாத்திரங்களை மெஷினில் அடுக்கி ஓடவிட்டு, அடுக்களையை ஒட்டிய அறையில் போய்ப் படுப்பாள். கண் மூடியதும் உறங்கிவிடுவாள். அந்த நேரம் அத்தான் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்! வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய, ஹாரன் போலத் தொண்டை இருந்த மனிதர், பூனை மாதிரி நடப்பார். மீன்காரன் கூவிக்கொண்டு வந்தால் வாசலுக்கு ஓடிப்போய்க் கைகாட்டி நிறுத்துவார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் நோய் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அடக்கத்துக்குப் பிறகு நான் போன போதெல்லாம் மெஷின் ஓடியது. சில நேரம் தானாக நிற்கும், பிறகு தானாகத் தொடங்கும். வீட்டு வேலைக்கு வந்த பெண் பயந்து வேலையை விட்டு நின்றுவிட்டாள். சபையிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்கள். ஜெபத்தின் நடுவே அது முனகத் தொடங்கியதும் ஒருத்தி குடையை மறந்துவிட்டு ஓடினாள். அத்தான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு இருப்பார். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். மனசுக்கு நல்லது, என்னோடு வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்றால், "மத்தியானம் வீட்டுல ஆளு வேணும்லா" என்பார். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. அக்காவுக்குப் பின்னாலேயே இவரும் போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த மெஷினை நிறுத்தினால் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று நானே முடிவு செய்தேன்.

ஒரு காலையில் போய், கரண்டைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை அடைத்து, மெஷினை முன்னால் இழுத்தேன். அடித்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது மர்மம் எல்லாம் அங்கேயே கிடந்தது. மெஷினுக்கு அடியில் ஒரு தட்டு உண்டு. எங்காவது ஒழுகினால் தண்ணீர் அதில் விழும். தட்டில் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் சேர்ந்து மிதவை தூக்கினால், வீடு நனையாமலிருக்க, சுவிட்ச் போடாவிட்டாலும் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும் மோட்டாரை ஓட்டத் தொடங்கிவிடும். தட்டில் இருப்பது காய்ந்து மிதவை இறங்கினால் நின்றுவிடும். குழாய் சேரும் இடத்தில் ஒரு வாஷர் தேய்ந்து, துருத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பேயுமில்லை, ஒரு மண்ணுமில்லை! சந்தோஷத்தில் அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்போ எம்புட்டு வெள்ளம் நின்னா இது ஓடும் பிள்ளே?" என்று கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கிறாரே என்று பூரித்துப்போய், மிதவையை விரலால் தூக்கிக் காட்டி விளக்கினேன்.

மெஷினைச் சாய்த்துத் தட்டைக் காலி செய்து, துடைத்து, புது வாஷர் போட்டு, குழாயைத் திறந்து, கரண்ட் கொடுத்தேன். சத்தமே இல்லை. வெளியே ரப்பர் சருகு விழுவதுகூடக் கேட்டது. அத்தான் அடுக்களையை ஒட்டிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானச் சோற்றை மூடிவைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த முறை அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் எடுத்துக்கொண்டு போனபோது, படி ஏறும்போதே அந்த முனகல். எனக்கு என் வாஷர் மேலேயே ஆத்திரம் வந்தது. அடித்தகடு கழன்று கிடந்தது; பையை வைத்த கையோடு குனிந்து பார்த்தேன். குழாய் சேரும் இடம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. ஆனால் தட்டு நிறைய வெள்ளம். துருவில்லாத, கண்ணாடி போலத் தெளிந்த, குடிக்கிற வெள்ளம். பக்கத்தில் வாயில் ஈரம் காயாத ஒரு செம்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கரண்ட் இருக்குத எடத்துல வெள்ளத்த ஊத்துவியளா? அவ பொறத்தால போய்ச் சேரணும்னு பாக்குதியளா?" என்று கத்தினேன். அத்தான் பதறி என் கையைப் பிடித்தார். உதட்டில் விரல் வைத்தார். "மெள்ள பிள்ளே. இது ஓடுத நேரம், அவ உள்ள கெடந்து ஒறங்குத மாதிரி இருக்குவு" என்றார். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு அக்கா இல்லை என்று அடக்கத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தேன். கரண்டைப் பிடுங்கித் தட்டைக் காய வைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். "வெள்ளம் ஊத்தாண்டாம் அத்தான். இங்க பாருங்கோ, சும்மா அலசுதுக்கு ஒரு பட்டன் உண்டு. காலியா ஓட்டுங்கோ. கரண்ட் அடிக்காது, சத்தமும் இருக்கும்" என்று அவர் விரலைப் பிடித்து அமுக்க வைத்தேன். மெஷின் தண்ணீர் இழுத்தது, சளசளத்தது, பிறகு இரைந்தது. அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இருவரும் மரச்சீனியைப் பிசைந்து சாப்பிட்டோம். மெதுவாகப் பேசினோம். பழைய நாள்களில் ஒன்று போலவே இருந்தது.

அப்போது மெஷின் மணி அடித்தது. வேலை முடிந்தால் அது கீ, கீ என்று விட்டுவிட்டு அடிக்கும். அந்த மணிக்குத்தான் அக்கா எழும்புவாள். கொண்டையை முடிந்துகொண்டே வந்து, ஆவி போக மெஷின் கதவைத் திறந்துவிட்டு, சாயாவுக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். நாங்கள் இருவரும் சொல்லிவைத்தது போல அந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையில் கறியோடு அத்தான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா பிள்ளே. இதுக்காக்கும் நான் வெள்ளம் ஊத்துனேன், அப்ப மணி அடிக்காதுலா. மணி அடிச்சா அவ எழும்பி வரணும்லா."

நான் கையைக் கழுவிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்து இன்னொன்றைத் தட்டினால் அந்த மணியை அடக்கிவிடலாம். அதைச் செய்தேன். அதற்குப் பிறகு அந்த மெஷினுக்கு வேறு ரிப்பேர் எதுவும் தேவைப்படவில்லை.

அத்தான் இப்போது கோயிலுக்குப் போகிறார், ரெண்டு நேரம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார், என்னோடு வந்து இருக்க மட்டும் மாட்டார். மத்தியானத்தில் போன் செய்தால் பின்னால் மெஷின் இரைவது கேட்கும். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். நானும் மார்த்தாண்டத்தில் என் வீட்டில் இருந்துகொண்டு, அவள் எழும்பிவிடாதபடி மெதுவாகவே பேசுகிறேன்.