அம்மாவின் கையெழுத்தை நான் போட்ட கதை

பிள்ளைகள், எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட முன்னர் நான் அதை உரத்து வாசிப்பதைக் கண்டு நீங்கள் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள். போன கிழமை மின்மானி மாற்ற வந்தவர் நீட்டிய துண்டைக்கூடப் படலையடியில் நின்று முழுதாக வாசித்தேன். அந்த மனிதர் வெயிலில் நின்று தலையைச் சொறிந்தார். சின்னவள், “அப்பா நியூஸ் வாசிக்கிறார்!” என்று கத்தினாள். சிரியுங்கள். ஆனால் இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள். சின்னவளுக்கும் இதில் பங்கு உண்டு. அப்போது அவள் அம்மாவின் வயிற்றில் ஐந்து மாதம்.

கொரோனாக் காலம் அது. பயணத்தடை போட்டிருந்தார்கள். எங்கள் பகுதிக்கு ஊசி வந்துவிட்டதென்றும் மறுநாள் பள்ளிக்கூடத்தில் போடப்போகிறார்கள் என்றும் எங்கள் கிராம அலுவலரான விதானையார் வீடு வீடாகச் சொல்லி, ஆளுக்கொரு சம்மதப் படிவமும் தந்துவிட்டுப் போனார்.

படிவம் என்றால் நான் விடமாட்டேன். சாதாரணதரப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டவன்தான். ஆனால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் எங்கள் வீட்டு நிவாரணப் படிவங்கள் எல்லாவற்றையும் நிரப்பியவன் நான். அந்த நாட்களில் தாள் கைக்கு வந்ததும் நிரப்பி, வீட்டில் உள்ள எல்லோருக்கும் நானே கையெழுத்து வைத்து, வரிசையில் முன்னுக்குப் போய் நின்றுவிட வேண்டும். வாசித்துக்கொண்டு நின்றால் நிவாரண மா முடிந்துவிடும். அப்படித்தான் வீட்டார் கையெழுத்தெல்லாம் என் கைக்குப் பழகியது. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் அம்மாவின் கையெழுத்தும் பழகிவிட்டது. ஒரு சுழி, ஒரு நீண்ட இழுவை. மிகச் சுலபம்.

அன்று உங்கள் அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

“உதென்ன எழுதிறியள்?”

“ஊசிக்கு. நாளைக்கு எட்டு மணிக்கு முதல் நிக்கவேணும்.”

“நான் இன்னும் யோசிக்கேல்லை.”

“யோசிக்க என்ன கிடக்கு? பிள்ளைத்தாச்சியளுக்கும் போடலாமெண்டு கிளினிக் மிஸ்ஸி சொன்னவதானே.”

அவள் ஒன்றும் சொல்லாமல் இலையை உருவினாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணி ஆற முன்னரே இரண்டு படிவமும் முடிந்தது, இரண்டு கையெழுத்தோடும்.

மறுநாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் ஒழுங்கை முடக்குக் கடைக்கார அண்ணை. முகக்கவசத்தை நாடிக்கு இறக்கிவிட்டுக் கதைத்தார்.

“ஊசிக் கார்ட் இல்லாட்டிப் பஸ்ஸிலையும் ஏத்தாங்களாம். கோயில் வாசல்லையும் மறிப்பாங்களாம். பிள்ளையார் தன்ரை கார்ட்டைக் காட்டினவரோ தெரியாது.”

எனக்கு முதலில் ஊசி போட்டார்கள். நோவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அம்மாவின் படிவத்தை மேசையில் வைத்தேன். மேசையில் இருந்தவர் கர்ப்பிணிகளைப் பார்க்கும் எங்கள் ஊர்க் குடும்பநல மாது. மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“இதிலை எழுதிக் கிடக்கிறது விளங்கினதோ தங்கச்சி? ஏதும் கேக்க இருக்கோ?”

“மிஸ்ஸி, உந்தத் தாளை நான் இப்பத்தான் காணுறன்.”

“அப்ப இந்தக் கையெழுத்து?”

அம்மா என்னைப் பார்த்தாள். மிஸ்ஸியும் பார்த்தார். கடைக்கார அண்ணை எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, அவவின்ரை கையெழுத்தையும் நீங்களோ போட்டனீங்கள்?” என்றார் மிஸ்ஸி. “அப்ப அவவின்ரை ஊசியையும் உங்களுக்கே போட்டுவிடுறன். மற்றக் கையை நீட்டுங்கோ.”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மிஸ்ஸி சிரிக்கவில்லை. நான் நிரப்பிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தார்.

அம்மா மெல்லச் சொன்னாள். “எனக்குப் பயமாக் கிடக்கு மிஸ்ஸி. முந்தி ஒண்டு நிக்காமப் போனதெல்லோ.”

ஓம் பிள்ளைகள், தம்பிக்குப் பிறகு ஒன்று தங்காமல் போனது. அது எனக்கும் தெரிந்ததுதான். படிவத்தை நிரப்பும்போது என் நினைவுக்கு வரவேயில்லை.

மிஸ்ஸி ஒளிக்காமல் சொன்னார். “போட்டாக் கை நோகும், காய்ச்சலும் வரலாம். போடாமல் இருந்து கொரோனா வந்தா, வயித்தோடை இருக்கிறவைக்குக் கடுமையாப் போகலாம். அதாலைதான் போடச் சொல்லுறம். ஆனா நீங்கள் ஓமெண்டாத்தான் போடுவன். வியாழக்கிழமை கிளினிக்கிலையும் போடுவம்.”

“அப்ப நான் வாசிச்சிட்டு வாறன்,” என்று அம்மா எழுந்துவிட்டாள்.

மோட்டார்சைக்கிளில் வரும்போது எனக்குக் காது சுட்டது.

“சனத்துக்கு முன்னாலை என்னைக் கவிழ்த்துப்போட்டீர்.”

“என்ரை வயித்துக்கு நீங்கள் கையெழுத்து வைப்பியள், கவிழ்த்தது நானோ?” பின்னாலிருந்து குரல் வந்தது. “ஊசி வேண்டாமெண்டு நான் எங்கை சொன்னனான்? என்னைக் கேட்டனீங்களோ?”

வீதியில் குழி பார்த்து மோட்டார்சைக்கிளை ஓட்டினேன்.

பின்னேரம் எனக்குக் குளிர் எடுத்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல நொந்தது. பாயில் சுருண்டு கிடந்து, “இஞ்சேரும், எனக்கு ஏதோ செய்யுது!” என்று அனுங்கினேன். அம்மா கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் அந்தத் தாள்.

“ஆறாம் வரியிலை எழுதிக் கிடக்கு. குளிர், காய்ச்சல், உடம்பு நோ. நீங்கள் உங்கடை தாளை வாசிக்கேல்லையோ?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னுடையதையும் நான் வாசிக்கவில்லை. அம்மா பாயடியில் இருந்து, தலைப்பிலிருந்து கடைசி வரிவரை, செய்தி வாசிப்பது போல உரத்து வாசித்தாள். நடுவில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிக்கவும் உடம்பு நொந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினாள். மிஸ்ஸிக்கு இரண்டு தரம் போன் எடுத்தாள். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளைத்தாச்சியை மூச்சு எடுக்க ஏலாமல் அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னபோது, “ஓம், அதையும் எழுதி வைச்சிருக்கிறன்” என்றாள். அவ்வளவுதான். அவள் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். வாய் துறுதுறுத்தது. வாயைத் திறக்காமல் இருக்க வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கினேன். அந்தக் கிழமை எங்கள் தோட்டம் போல் துப்புரவான தோட்டம் எங்கள் ஊரான கோப்பாயில் இருந்திராது.

வியாழன் காலை அம்மா சேலை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“மோட்டச்சைக்கிளை எடுங்கோ.”

“எங்கை?”

“கிளினிக்குக்கு. பேனை ஒண்டு தாங்கோ.”

நான் வெளியே வேப்பமரத்தின் கீழே நின்றேன். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அரை மணித்தியாலத்தின் பின் ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேனையைத் திருப்பித் தரவில்லை. இன்றைக்கும் தரவில்லை.

அன்று அவள் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், உண்மையாக எனக்குத் தெரியாது. பேசாமல் இருக்கத்தான் வேண்டும் என்பது மட்டும் இப்போது தெரியும்.

மூத்தவளே, இனி உனக்கு. சில மாதங்களுக்குப் பிறகு உங்கள் வகுப்புக்கும் ஊசி என்று பெற்றோர் கையெழுத்துக்குப் படிவம் கொண்டுவந்தாய். பழக்கதோஷம், நீ ரியூசன் வகுப்புக்குப் போன கையோடு நிரப்பிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். பேனையை மூடும்போதுதான் மற்றக் கையை நீட்டச் சொன்ன மிஸ்ஸியின் குரல் கேட்டது. அம்மா அப்போதுதான் பிறந்த சின்னவளோடு ஆசுப்பத்திரியில். வீட்டில் வேறு யாரும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றுப்பட்டுவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி வேறொரு படிவம் வாங்கிவந்தேன். முதலில் நீ வாசித்து முடிவெடுக்கட்டும் என்று அதை உன் மேசையில், ஒரு எழுத்தும் எழுதாமல், விஞ்ஞானக் கொப்பிக்கு மேலே வைத்தேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் உன்னுடைய பேனையை வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போட்டேன்.